ஆவாரைக்கு மூன்று முழம்

பினாங்கு மண்ணில் நான் ஆவாரை விதைத்தது மூன்று தடவை. முதல் தடவை மழை கொண்டுபோனது. இரண்டாம் தடவை பாதி பலித்தது. பாதி பலித்தது என்றால் பலிக்கவில்லை என்றுதான் அர்த்தம். மூன்றாம் தடவை பூத்தது. அந்த மூன்று வருஷத்தில் உடம்பில் ஏறிய அலுப்பு இன்றுவரை முழுதாக இறங்கவில்லை.

என் கணவர் கல்யாணமான இரண்டாம் வருஷம் ரங்கூனுக்குப் போனார். இரண்டு கடிதம் வந்தது. பிறகு அதுவும் நின்றுபோனது. பினாங்கிலிருந்த என் அண்ணன் வந்து என்னைக் கப்பலேற்றி அழைத்துப் போனார். அண்ணன் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். சரக்குப் படகுகளை அங்கே தொங்கான் என்பார்கள். தொங்கானிலிருந்து கரைக்கும், கரையிலிருந்து கிடங்குக்கும் அரிசியும் சர்க்கரையும் அவர் முதுகில்தான் போகும். அண்ணனுக்கும் அண்ணிக்கும் பிள்ளையில்லை. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் சாலையை விட்டு உள்ளே, மலையடியில், ஒரு சீனத் தவுக்கே முதலாளியின் நிலத்தில் அத்தாப்பு ஓலைக் கூரை வீடும் அதையொட்டி ஒரு துண்டு மண்ணும் வாடகைக்கு வைத்திருந்தார்கள். அண்ணி அதில் சாமந்தியும் அரளியும் துளசியும் போட்டுக் கோயில்களுக்கும் பூக்கட்டுகிறவர்களுக்கும் கொடுத்துவந்தார். நான் போன பிறகு இருவருமாகச் செய்தோம்.

அண்ணனுக்கு வியாதி வந்தது கடலுக்கு அப்பால் பெரிய சண்டை தொடங்கிய வருஷம். முதலில் தாகம். ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த செம்புக்குக் கை நீட்டுவார். பிறகு உடம்பு இளைத்தது. கொல்லையில் அவர் போய்வந்த இடத்தில் எறும்பு மொய்ப்பதை அண்ணிதான் பார்த்து என்னிடம் காட்டினார். நீரிழிவு என்று சொல்ல வைத்தியர் தேவைப்படவில்லை. மூட்டை இடறிக் கால் கட்டைவிரலில் பட்ட சிராய்ப்பு மூன்று மாதம் ஆறவில்லை. அதோடு துறைமுக வேலை நின்றது. ஆஸ்பத்திரியில் சோற்றைக் குறைக்கச் சொன்னார்கள். இந்த வியாதிக்கு மருந்து இல்லை என்றும் சொல்லி அனுப்பினார்கள்.

நாட்டு மருந்துக் கடைக்காரர் ஆவாரம்பூக் கஷாயம் கொடுக்கச் சொன்னார். பூ நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வரவேண்டும். சண்டையால் கப்பல் வருவது எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. வந்த மூட்டையிலும் பூ கறுத்து, பூஞ்சணம் பிடித்து, பாதி இலையும் குச்சியுமாக இருந்தது. கஷாயம் வைத்தால் மக்கிய வைக்கோல் வாடை அடித்தது. அண்ணன் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார். ஒருநாள் கடைக்காரர் மூட்டை அடியில் உதிர்ந்து கிடந்த காய்களைச் சலித்து ஒரு பொட்டலம் கட்டி என் கையில் கொடுத்து, மலையடியில் மண் வைத்திருக்கிறவர்கள்தானே, போட்டுப் பாருங்கள், வந்தால் உங்கள் அண்ணனுக்கு ஆனது போக மிச்சத்தை நானே எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

அப்போது பங்குனி கடைசி. அடுத்து மழை வரப்போகிறது, மழைக்கு முன்னால் விதைத்துவிட வேண்டும் என்று நான் அவசரப்பட்டேன். இன்னும் கொஞ்சம் விசாரித்துச் செய்யலாம் என்று அண்ணி சொல்லிப் பார்த்தார். நான் கேட்கவில்லை. அண்ணன் படும்பாட்டைப் பார்த்துக்கொண்டு எதற்காகக் காத்திருப்பது என்று கேட்டேன். சித்திரை முதல் மழைக்கு விதைத்தேன். நூறு விதை போட்டால் நாலு முளைத்தது.

அதற்கு வழி அண்ணிக்குத் தெரிந்திருந்தது. அவருடைய அப்பா ஊரில் அவுரிக் காட்டில் கூலிக்கு இருந்தவர். அவுரி விதை கல் மாதிரி இருக்கும், மணலோடு சேர்த்து உரசித்தான் போடுவார்கள் என்றார். கரடுமுரடான மணலையும் விதையையும் ஒரு சாக்கில் போட்டு, கல்லில் வைத்து இரண்டு கையாலும் தேய்த்தார். பிறகு வெந்நீரில் ஊறவைத்தார். எட்டாம் நாள் பாத்தி முழுக்கப் பச்சை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நாற்றைப் பிரித்து நடும்போது சாண் இடைவெளி விட்டோம். அது அண்ணியின் கணக்கு. துளசியை அப்படித்தான் நடுவார். செடி கூடினால் பூ கூடும் என்பார். எனக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. செடிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு வெளிச்சம் தேடி மேலே ஏறின. தண்டு விரல் தடிமன்கூட இல்லை. ஆவணியில் வெளிர்மஞ்சள் பட்டாம்பூச்சிகள் கூட்டமாக வந்து முட்டை வைத்துப் போயின. கொப்பும் கொப்பும் பின்னிக் கிடந்ததால் பச்சைப் புழுக்கள் தரையில் இறங்காமலேயே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தன. இருவரும் குனிந்து புழு பொறுக்கினோம். நிமிரும்போது இடுப்பில் கை கொடுத்துத்தான் நிமிர்வோம்.

மொட்டு வைத்தது புரட்டாசியில். பினாங்கில் வருஷத்தின் பெரிய மழை அப்போதுதான் தொடங்கும். மொட்டு விரியுமுன்னே கொட்டியது. விரிந்த சிலதும் நனைந்து காம்போடு கறுத்தது. பறித்து வந்து பாயில் பரப்பினோம்; காய வெயில் இல்லை. அடுப்புக்கு மேலே பரணில் போட்டோம். புகை வாடை ஏறியது. ஐப்பசியில் வேர் அழுகி, கையால் தொட்டாலே செடி சாய்ந்தது. எல்லாவற்றையும் அள்ளி வேலியோரம் குவித்த அன்று நாங்கள் உலை வைக்கவில்லை. அண்ணனுக்கு மட்டும் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துவிட்டுப் படுத்தோம். சாய்ந்த செடிகளில் சிலவற்றில் காய் பிடித்திருந்தது. அதை அண்ணி அடுத்த விதைப்புக்கென்று முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டார்.

அந்தக் கார்த்திகையில் அண்ணனின் கட்டைவிரலை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். கால் கட்டுப் பிரித்துக் கட்டுவது என் வேலை. தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பது அண்ணி வேலை. இரண்டுக்கும் நடுவில் சாமந்தி பறிப்பு, பூ சுமந்துகொண்டு பசாருக்கு நடை.

அப்படி நடந்து போகும்போதுதான் எனக்கு யோசனை வந்தது. செடி விதைத்த ஐந்தாறு மாதத்தில் மொட்டு வைக்கிறது. இங்கே வெயில் நின்று காய்வது தையும் மாசியும் மட்டும். அப்படியானால் தையிலிருந்து பின்னோக்கி விரலை மடக்கிப் பார்க்க வேண்டும். மடக்கினால் ஆடி வருகிறது. ஆடியில் விதைத்தால் நாற்று ஆவணியில் நடவுக்கு வரும். ஐப்பசி மழையில் செடி இளசாக இருக்கும். அது நிற்குமா? மேட்டில் நட்டு, பக்கத்தில் வாய்க்கால் வெட்டி, விழுகிற தண்ணீரை நிற்கவிடாமல் ஓடவிட்டால் நிற்கலாம். அண்ணியிடம் சொன்னேன். சித்திரை என்று அவசரப்பட்டவளும் இவள்தானே என்று அவர் நினைத்திருப்பார். கடைசியில் சரி என்றார்.

அடுத்த ஆடியில் விதைத்தோம். மேடு கட்டினோம். வாய்க்கால் வெட்ட ஆள் வைக்க வழியில்லை, நாங்களே வெட்டினோம். அண்ணன் வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, இந்தப் பக்கம் சரிவு போதாது, அந்தப் பக்கம் ஆழப்படுத்து என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கும் ஏதோ வேலை செய்ததுபோல இருந்திருக்கும். ஆனால் இடைவெளியைப் பற்றிப் பேச்சு எடுத்தபோது அண்ணி பிடிவாதமாகச் சாணுக்கு மேல் விடமாட்டேன் என்றார். மேட்டுக்கும் வாய்க்காலுக்கும் மண் போனது போக இருப்பதே கொஞ்சம், அதிலும் இடம் விட்டுக்கொண்டிருந்தால் என்ன கிடைக்கும் என்றார். வாதாட எனக்குத் தெம்பில்லை. விட்டுவிட்டேன்.

ஐப்பசி மழையில் செடிகள் நின்றன. தை பிறந்தது. வெயில் வந்தது. நாங்கள் தினமும் போய்ப் பார்த்தோம். பாதையோரம் இருந்த கடைசி வரிசை மட்டும் பொன்னாகப் பூத்தது. உள்ளே வரிசை வரிசையாகப் பச்சை. உச்சியில் இரண்டு பூ, அதுவும் கைக்கு எட்டாத உயரத்தில். பாத்தி நடுவே ஓரிடத்தில் காட்டுப்பன்றி நோண்டி ஏழெட்டுச் செடிகளைச் சாய்த்திருந்தது. அந்தப் பள்ளத்தைச் சுற்றி நின்ற செடிகளும் அடியிலிருந்து நுனிவரை பூத்திருந்தன. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். எந்தச் செடிக்கு ஒரு பக்கமாவது வெறும் வெளி இருந்ததோ அது பூத்திருக்கிறது. ஒரு வருஷம் பூராவும் நாங்கள் செய்ய மறுத்ததைப் பன்றி செய்துவிட்டுப் போயிருந்தது.

அந்த வருஷம் கிடைத்த பூ அண்ணனுக்கு ஒரு மாதக் கஷாயத்துக்குப் போதவில்லை. மீதி மாதங்களுக்கு நாவல்கொட்டைப் பொடி, பாகற்காய்ச் சாறு, ஆவாரம்பட்டை, கடையில் கிடைத்த பழைய பூ. அவர் எதையும் மறுக்காமல் குடித்தார். குடித்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். இன்னொரு விரலும் போயிற்று.

மூன்றாம் வருஷம் ஆடியில் விதைத்து, அத்தாப்பு நிழலில் நாற்று வளர்த்து, ஆவணியில் ஒரு கயிற்றில் மூன்று முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டேன். முடிச்சு விழுந்த இடத்தில் குழி. நட்டு முடித்தபோது மண் வெறிச்சென்று கிடந்தது. நட்டதைவிட இரண்டு பங்கு நாற்று மிச்சம். அதைத் தூக்கி வேலியோரம் போட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் விடிந்து போய்ப் பார்த்தால், இடைவெளி ஒவ்வொன்றிலும் இரண்டு இரண்டு நாற்று. அண்ணி இருட்டு பிரியுமுன் எழுந்து நட்டிருக்கிறார். சேற்றுக் கையோடு வாய்க்கால் கரையில் உட்கார்ந்திருந்தார். நான் குனிந்து பிடுங்கத் தொடங்கினேன்.

"பிடுங்காதே," என்றார் அண்ணி. "மண்ணு சும்மாத்தானே கெடக்கு."

"சும்மா கெடக்கல அண்ணி. அந்தச் செடியோட கொப்பும் வேரும் வரப்போற எடம் அது."

"வரப்போறது இருக்கட்டும். உசிரோட இருக்கறத எப்படிம்மா தூக்கி எறியறே? ஒவ்வொரு வெதயையும் நான் ஒரசிப் போட்டேன்."

அவர் கையைப் பார்த்தேன். உள்ளங்கை மணலில் தேய்ந்து தோல் உரிந்திருந்தது. பிடுங்குவதை நிறுத்தினேன். அப்போது வாசலில் இருந்து அண்ணன் பேசினார். பொதுவாக எங்கள் சண்டையில் அவர் வாய் திறக்கமாட்டார்.

"தங்கச்சி சொல்றபடி விடு. கெடங்குல மூட்டைய நெருக்கி அடுக்கினா நடுவுல இருக்கறது புழுங்கிப் போகும். காத்துக்குச் சந்து விட்டுத்தான் அடுக்குவோம்."

அண்ணி எழுந்து வந்தார். அவரும் என்னோடு குனிந்து, தான் நட்டதைத் தானே பிடுங்கினார். பிடுங்கியதை எறியவில்லை, வீட்டுக்குப் பின்னால் வாழையடியில் கொண்டுபோய் நட்டார். வெறும் மண்ணைப் பார்க்கப் பொறுக்காமல் இடைவெளிகளில் கீரை விதை தூவினார். அதற்கு நான் மறுப்புச் சொல்லவில்லை. ஆவாரை படர்வதற்குள் கீரை மூன்று தடவை அறுப்புக்கு வந்தது. அவரவர் பிடிவாதத்துக்கு அவரவருக்கு ஒரு இடம் கிடைத்தது.

அந்தத் தையில் செடிகள் பூத்ததை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்திலேயே கிளை பிரிந்து, ஒவ்வொரு செடியும் கவிழ்த்த கூடை மாதிரி, மஞ்சளாக. பூச்சி வந்தது, ஆனால் ஒரு செடியிலிருந்து அடுத்ததற்குப் போக அது தரையில் இறங்க வேண்டியிருந்தது, கோழிகள் பார்த்துக்கொண்டன. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போனவர்கள் வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, ஒரு கொத்து கொடுங்கள் என்று கேட்டு வாங்கிப் போனார்கள். சுங்கை பாக்காப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு தம்பதி விதை கேட்டார்கள். அவர்களிடம் ஆடி மாதம், மூன்று முழம் என்று நான் இரண்டு தரம் சொன்னேன். பெருமையாக இருந்திருக்க வேண்டும். எனக்குக் கால் வலிதான் நினைவிருக்கிறது.

பனி உலர்ந்த பிறகு பறிப்போம். நிழலில் பாய் விரித்துக் காயவைப்போம். மூன்றாம் நாள் பூ நிறம் மாறாமல் மொறமொறவென்று காய்ந்தது. அண்ணி ஒரு கைப்பிடி எடுத்துப் புதுச் சட்டியில் போட்டுக் கொதிக்கவைத்தார். மக்கிய வாடை இல்லை. தேன் நிறத்தில் இறங்கியது. வடிகட்டி, வெண்கல டம்ளரில் எடுத்துக்கொண்டு அண்ணனிடம் போனார். நான் பின்னால் போனேன்.

அண்ணன் டம்ளரை வாங்கினார். முகர்ந்து பார்த்தார். கீழே வைத்தார்.

"நல்லா வந்திருக்கு. பூவு நல்லா வந்திருக்கு," என்றார். "ஆனா எனக்குப் போதும்."

அண்ணிக்குப் புரியவில்லை. சூடு ஆறட்டும் என்றார். அண்ணன் தலையாட்டினார்.

"சூடு இல்ல. குடிச்சுக் குடிச்சு நாக்கு செத்துப் போச்சு. இத கடைக்குக் குடுங்க, குடிக்கறவங்க குடிக்கட்டும். எனக்கு ரெண்டு வாய் சோறு போடுங்க, கொழம்பு ஊத்தி."

அண்ணி கெஞ்சினார். மூன்று வருஷம் என்றார். எங்கள் கையைப் பாருங்கள் என்றார். அண்ணன் கோபப்படவில்லை. அவர் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, பார்த்தேன், தினமும் இங்கேயிருந்து பார்த்துக்கொண்டுதானே இருந்தேன் என்றார். நான் போய் உலை வைத்தேன். அவர் இரண்டு வாய் அல்ல, ஒரு தட்டு நிறையச் சாப்பிட்டார். அப்படி ரசித்துச் சாப்பிட்டு நான் பார்த்து வருஷக்கணக்காகியிருந்தது. அந்தக் கஷாயத்தை அண்ணி கொட்டாமல் தானே குடித்தார்.

அதற்குப் பிறகும் பூ பறிக்காமல் இருக்க முடியவில்லை. பூத்தால் பறிக்கத்தான் வேண்டும். இரண்டு நாள் கழித்து இருவரும் எதிரெதிர் வரிசையில் பறித்துக்கொண்டிருந்தபோது அண்ணி கை நிற்காமல் கேட்டார்.

"மொத வருஷமே தள்ளி நட்டிருந்தா குடிச்சிருப்பாருல்ல?"

நான் அடுத்த கொப்பை வளைத்துப் பறித்தேன்.

"அப்ப அவருக்கு ஆசை இருந்துச்சு. குடிச்சிருப்பாரு. நான்தான் சாணு சாணுன்னு நின்னேன்."

"சித்திரையில வெதச்சது நான்தானே அண்ணி," என்றேன். "நீங்க தள்ளி நட்டிருந்தாலும் மழையில போயிருக்கும்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஆறுதலுக்காகச் சொல்கிறேனா என்று பார்த்திருப்பார். நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. காலம் தவறியது என்னால், இடம் நெருங்கியது அவரால். எது முந்தி எது பிந்தி என்று பிரித்துப் பார்க்க எங்களுக்கு நேரமும் இல்லை, மனமும் இல்லை. பூவே நேரத்தில் கிடைத்திருந்தாலும் அண்ணன் பிழைத்திருப்பாரா? எங்களிடம் வாங்கிக் குடித்தவர்களில் சிலர் தேறினார்கள் என்று கடைக்காரர் சொன்னார், சிலர் தேறவில்லை. தேறியவர்கள் பூவால் தேறினார்களா, சோற்றைக் குறைத்ததால் தேறினார்களா, எனக்குத் தெரியாது.

அண்ணன் அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் இருந்தார். காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்றார்கள், அவர் சம்மதிக்கவில்லை. ஒரு புரட்டாசி மத்தியானம், சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. வெளியே மழை. அண்ணி வாய்க்கால் அடைத்துக்கொண்டதா என்று பார்க்கப் போயிருந்தார். நான் போய்த்தான் சொன்னேன். மண்வெட்டியை மண்ணில் ஊன்றினார். பிறகு அடைப்பில் கிடந்த கடைசிச் சருகையும் இழுத்து எறிந்துவிட்டு என்னோடு வந்தார்.

சண்டை முடிந்து கப்பல்கள் ஒழுங்காக வரத் தொடங்கியதும், நாகப்பட்டினத்துப் பூ பழையபடி மூட்டை மூட்டையாக இறங்கியது. கடைக்காரர் எங்களிடம் சங்கடப்பட்டுக்கொண்டே சொன்னார், நாங்கள் வருத்தப்படவில்லை. மூன்றாம் வருஷத்துச் செடிகள் இன்னும் நாலு வருஷம் பூத்து, ஒவ்வொன்றாகப் பட்டுப்போயின. அந்த இடத்தில் சாமந்தி போட்டோம். அண்ணி அதற்குக் கயிறு பிடிப்பதில்லை. முழங்கையை மண்ணில் வைத்து அளந்து அளந்து நடுவார். நான் பின்னால் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போவேன். பேச்சு அதிகம் இருக்காது. ஒரு வரிசை முடிந்தால் அடுத்த வரிசைக்கு நகர்வோம்.